சிறைக்குள் தைத்த ஷூக்கள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அமெரிக்காவில் ஷூத் தொழில் வளர்ந்த கதையைப் பேச ஆரம்பித்தால் ஷூவுக்குப் பெயர்போன மாசசூசெட்ஸின் லின் நகரம், தையல் மெஷின், வேலைநிறுத்தம் என்று பேச்சு ஒழுங்காகத்தான் போகும். நடுவில் "அப்போது கைதிகளும் ஷூ தைத்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதி நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் கேட்பது ஒரு விதம், வரலாறு படிக்கும் பிள்ளைகள் கேட்பது இன்னொரு விதம். ஆனால் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் நியூயார்க் மாநிலம்தான் அதிகம் வரும். இதைப் பற்றி அதிகமாகச் சண்டை நடந்தது அங்கேதான்.

கைதிகள் ஷூ தைத்தார்கள் என்றால், சிறைக்குள்ளே அவர்களே போட்டுக்கொள்ளத் தைத்ததுதானே?

இல்லை, வெளியே விற்கத்தான். 1790 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவின் வால்நட் தெரு சிறையில் கைதிகளை வேலைக்கு உட்கார வைத்தபோது ஆணி செய்வது, நெசவு, கல் அறுப்பது இவற்றோடு ஷூ தைப்பதும் இருந்தது. 1797-ல் நியூயார்க் நகரின் கிரீனிச் பகுதியில், ஹட்சன் ஆற்றங்கரையில், நியூகேட் சிறை திறந்தது. அதை ஆரம்பத்தில் நடத்தியவர் தாமஸ் எட்டி என்ற வணிகர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தூக்குமேடையும் சவுக்கும் மனிதனைத் திருத்தாது, உழைப்பு திருத்தும் என்பது அவர் நம்பிக்கை. சிறையின் செலவைச் சிறையே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. சில வருடங்களில் ஷூவும் பூட்ஸும் அங்கே முக்கியமான சரக்காகிவிட்டன.

ஆள் திருந்துவதும் கஜானா நிரம்புவதும் ஒரே வேலையில் நடக்கும் என்ற இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் அதில்தான் இருக்கிறது.

இத்தனை தொழில் இருக்க, ஏன் குறிப்பாக ஷூ?

முதல் காரணம், முதலீடு குறைவு. 1800-களின் தொடக்கத்தில் ஷூ செய்ய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கத்தி, ஊசி, சுத்தியல், மரக்கட்டை அச்சு, மடியில் வைத்துத் தோலைத் தட்ட ஒரு கல் இருந்தால் போதும். தண்ணீர்ச் சக்கரம் வேண்டாம், பெரிய கட்டிடம் வேண்டாம். ஆட்களை வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்தால் ஒரே காவலர் எல்லோரையும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இது துண்டு துண்டாகப் பிரிக்கக்கூடிய வேலை. ஒருவர் தோல் வெட்டுவார், ஒருவர் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைப்பார், ஒருவர் அதை அச்சில் இழுத்து சோலோடு சேர்ப்பார். முழு ஷூவையும் தைக்கத் தெரிந்தவர் ஆவதற்கு வருடங்கள் ஆகும். ஒரு துண்டு வேலையைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். 1810-களில், சோலைத் தைக்காமல் சிறு மர ஆணிகளை அடித்து இறுக்கும் வழி பரவியது. அதற்கப்புறம் பழகுவது இன்னும் சுலபமாயிற்று. மூன்றாவது, வாங்க ஆள் இருந்தார்கள். முரட்டு மலிவு ஷூவுக்குத் தெற்கே தோட்டங்களிலும் மேற்கே புதிதாகக் குடியேறியவர்களிடமும் எப்போதும் தேவை இருந்தது.

சிறையில் செய்த ஷூவில் முத்திரை குத்தினார்களாமே? நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம்தான். நியூகேட் சரக்கு சந்தைக்கு வந்ததும் நகரத்து ஷூ கைவினைஞர்கள் குரல் எழுப்பினார்கள். 1801-ல் நியூயார்க் சட்டமன்றம், சிறையில் செய்த ஷூவிலும் பூட்ஸிலும் "ஸ்டேட் பிரிசன்" என்று குத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. 1804-ல் ஷூ வேலையில் எத்தனை கைதிகளை வைக்கலாம் என்பதற்கும் வரம்பு கொண்டுவந்தார்கள்.

சிறை திறந்து நாலே வருடத்தில் இந்தச் சட்டம் வந்துவிட்டது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். "பழைய காலத்தில் யாரும் எதிர்க்கவில்லை, எல்லாம் பின்னால் வந்த தொழிற்சங்கங்கள் கிளப்பியது" என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். முத்திரையின் கதை இங்கே முடியவில்லை, 1890-களில் மறுபடி வருகிறது. அதைக் கீழே, இது எப்படி நின்றது என்ற கேள்வியில் சொல்கிறேன்.

ஆபர்ன் சிறையில் வேலை செய்யும்போது பேசவே கூடாதாமே?

பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கும் ஆபர்ன் சிறை 1817-ல் கைதிகளை ஏற்க ஆரம்பித்தது. 1820-களில் அங்கே உருவான முறை இது: பகலில் எல்லோரும் ஒரே பட்டறையில் வாய் திறக்காமல் வேலை, இரவில் ஆளுக்கொரு தனி அறை. அறை என்றால் 7 அடி நீளம், 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் முன்னால் இருப்பவரை ஒட்டி, தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒரே காலடியாக நடக்க வேண்டும்.

பட்டறைச் சுவருக்குப் பின்னால் இருட்டாக ஒரு நடைபாதை இருந்தது, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். காவலர் எப்போது அந்த வழியாகப் பார்க்கிறார் என்று கைதிக்குத் தெரியாது. ஊர்மக்களும் கட்டணம் கொடுத்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வசூலும் சிறைக்கு வருமானம். இந்த முறையை நடத்தியவர்களில் பெயர்போனவர் எலாம் லிண்ட்ஸ். 1825-ல் அவர் ஆபர்னிலிருந்து 100 கைதிகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களை வைத்தே கட்டியதுதான் சிங் சிங் சிறை.

அப்போ முதலாளி யார்? அரசா, கம்பெனியா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நியூகேட்டில் ஆரம்பத்தில் அரசே தோல் வாங்கி, அரசே ஷூ விற்றது. தோல் விலை ஏறினாலும் ஷூ தேங்கினாலும் நஷ்டம் அரசுக்கு. அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் காண்ட்ராக்ட் முறைக்குப் போனார்கள். கம்பெனி தோலும் சாமானும் கொண்டுவரும், வேலை சொல்லித்தரத் தன் மேஸ்திரியை அனுப்பும், தயாரான ஷூவை எடுத்துப்போய்த் தன் பெயரில் விற்கும். சிறை கொடுப்பது இடம், காவல், ஆட்கள். ஒரு கைதிக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கம்பெனி அரசுக்குக் கட்டும்.

தெற்கிலும் கென்டக்கியிலும் இருந்த குத்தகை முறை வேறு. அதில் கைதிகளின் சாப்பாடு, காவல் உட்பட எல்லாமே குத்தகைக்காரர் பொறுப்பு. 1825-ல் ஜோயல் ஸ்காட் என்பவர் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் சிறையை வருடத்துக்கு 1000 டாலர் என்று மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார். ஷூக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் தோதாக இருந்தது காண்ட்ராக்ட் முறைதான். சுவரும் கூரையும் அரசின் செலவில் கிடைக்கும்போது அதை ஏன் விடுவார்கள்?

கைதிக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்கள்?

பொதுவாக ஒன்றுமில்லை. கம்பெனி கட்டியது அரசுக்கு. 19-ம் நூற்றாண்டு முழுக்க அந்தத் தொகை பெரும்பாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை டாலரை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருந்தது. வெளியே இருக்கும் ஷூத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதோடு ஒப்பிட்டால் அது அற்பம். சில சிறைகளில் நாளுக்கு இத்தனை ஜோடி என்று அளவு வைத்து, அதற்கு மேல் செய்தால் கைதியின் கணக்கில் கொஞ்சம் காசு சேர்த்தார்கள்.

அளவைத் தொடாதவருக்கு என்ன? சவுக்கடி. நியூயார்க்கில் 1847-ல் சவுக்கடியைச் சட்டம் தடுத்தது. அப்புறம் தலைக்கு மேலிருந்து குளிர்ந்த நீரைக் கொட்டுவது, தோளில் இரும்பு நுகம் பூட்டி நிற்க வைப்பது என்று வேறு வழிகள் வந்தன. தண்டனை கொடுத்தவர் சிறை ஊழியர். ஆனால் "இவன் இன்று அளவு முடிக்கவில்லை" என்று சொன்னவர் பல நேரம் கம்பெனி ஆள். இதைச் சொல்லாமல் காண்ட்ராக்ட் முறையை வெறும் பணக் கணக்காக விளக்குவது பாதிக் கதைதான்.

வெளியே இருந்த ஷூத் தொழிலாளிகள் சும்மாவா இருந்தார்கள்?

சும்மா இருக்கவில்லை. 1830-களில் நியூயார்க் கைவினைஞர்கள் கூட்டம் போட்டு, மனு மேல் மனு கொடுத்தார்கள். அதன் விளைவாக 1835-ல், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருள்களைத் தயாரிக்கும் தொழில்களைத்தான் கைதிகளுக்குக் கற்றுத்தரலாம் என்ற தோரணையில் ஒரு சட்டம் வந்தது. 1842-ல் இன்னொன்று: சிறைக்கு வருவதற்கு முன்பே ஒரு தொழில் தெரிந்தவரை மட்டுமே அந்தத் தொழிலில் வைக்கலாம். ஆபர்னில் பட்டுத் தொழிலுக்கு முயற்சி செய்ததும், 1845-ல் டானமோராவில் இரும்புச் சுரங்கத்தை நம்பி கிளின்டன் சிறையைத் திறந்ததும் இந்த நெருக்கடியில்தான். கைவினைஞர் யாருடைய பிழைப்பிலும் கை வைக்காத ஒரு வேலையைத் தேடி அலைந்தார்கள். கிடைக்கவில்லை. சட்டத்துக்கு ஓட்டை கண்டுபிடித்து காண்ட்ராக்ட் தொடர்ந்தது.

1867-ல் மில்வாக்கியில் ஷூத் தொழிலாளிகள் தொடங்கிய புனித கிறிஸ்பின் வீரர்கள் சங்கம் சில வருடங்களிலேயே நாட்டின் மிகப்பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்தது. அவர்களுக்குச் சிறை ஷூ மட்டும் தொல்லை இல்லை. 1870-ல் மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸில் கால்வின் சாம்ப்சன் என்ற முதலாளி, கிறிஸ்பின் சங்கத்தார் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 75 சீனத் தொழிலாளிகளை இறக்கினார். மலிவு உழைப்பு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் அடிபடும் தொழிலாக ஷூ இருந்தது. இதில் வருத்தம் என்னவென்றால், சங்கத்தார் கோபத்தில் பாதி அந்தக் கைதிகள் மீதும் சீனர்கள் மீதுமே விழுந்தது.

மெஷின் வந்ததும் சிறை வேலை ஓய்ந்திருக்குமே?

நேர்மாறாக நடந்தது. 1858-ல் லைமன் பிளேக், அப்பரையும் சோலையும் சேர்த்துத் தைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கி மேம்படுத்திய கார்டன் மெக்கே, மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டார். தைக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் அவருக்குக் காசு. ஆகவே பெரிய முதல் போடாமலே ஒரு கம்பெனி சிறைக்குள் முழு ஆலையையே இறக்க முடிந்தது. இரண்டாவது கேள்வியில் சொன்ன துண்டு வேலை இன்னும் சின்னத் துண்டுகளாயிற்று, பழக்கும் நாள்களும் குறைந்தன.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய 20 வருடங்கள்தான் சிறை ஷூவின் உச்சம். பே ஸ்டேட் ஷூ அண்ட் லெதர் கம்பெனி சிங் சிங்கிலும் புரூக்ளினில் இருந்த கிங்ஸ் கவுன்டி சிறையிலும் ஆலை நடத்தியது. மிசூரியின் ஜெஃபர்சன் சிட்டி சிறை மதிலுக்குள் நூற்றாண்டின் கடைசியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக் கம்பெனிகள் இருந்தன. 1877-ல் நியூயார்க் சிறைகளுக்குத் தலைவரான லூயிஸ் பில்ஸ்பரி, சிறைகள் தம் செலவைத் தாமே சம்பாதிக்க வேண்டும் என்று கறாராக நின்றவர். அவருடைய தாத்தா மோசஸும் அப்பா ஏமஸும் கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்டு சிறையை நடத்தி லாபம் காட்டியவர்கள். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் சிறையை வியாபாரமாக நடத்திப் பெயர் வாங்கியது.

மொத்தத்தில் எவ்வளவு பெரிய வியாபாரம்? சும்மா ஊதிப் பெருக்குகிறார்களா?

1886-ல் அமெரிக்கத் தொழிலாளர் ஆணையர் கேரல் ரைட் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார். சிறைகளில் ஒரு வருடத்தில் தயாரான பொருள்கள், செய்த வேலைகள் இவற்றின் மதிப்பு ஏறக்குறைய 2 கோடியே 87 லட்சம் டாலர் என்று வந்தது. அதில் முதலிடம் ஷூவுக்கும் பூட்ஸுக்கும்தான்.

நாட்டின் மொத்த ஷூ உற்பத்தியோடு பார்த்தால் இது சின்னப் பங்கு. காண்ட்ராக்ட்காரர்கள் இந்த வாதத்தைத்தான் முன்வைத்தார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் சந்தையில் விலையை உடைக்கப் பெரிய பங்கு தேவையில்லை. முரட்டு மலிவு ஷூ என்ற ஒரே ரகத்தில் சிறைச் சரக்கு குவியும்போது, அதே ரகம் செய்பவர் விலையைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்த விலை கூலியில்தான் பிடிக்கப்படும். ஆம்பூரில் ஆர்டருக்காகக் கம்பெனிகள் போட்டி போட்டு விலை குறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதை அடிமை முறை என்று சொல்லலாமா, கூடாதா?

1865-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கும் கட்டாய உழைப்பு விதிவிலக்கு என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. 1871-ல் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் ரஃபின் என்ற கைதியின் வழக்கில், தண்டனைக் காலத்தில் கைதி அரசின் அடிமை என்று பச்சையாகவே சொன்னது.

ஆனாலும் வடக்கையும் தெற்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. தெற்கில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அற்பக் குற்றங்களுக்குப் பிடித்து, குத்தகைக்காரர்களிடம் ரயில் பாதைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் விட்டார்கள், அங்கே கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அலபாமாவில் அது 1928 வரை நடந்தது. சிங் சிங் ஷூப் பட்டறையின் கொடுமை அந்த அளவு இல்லை. அதற்காக அது நியாயம் என்றும் ஆகாது.

எப்படியோ, உள்ளே ஒரு தொழிலையாவது கற்றுக்கொண்டு வெளியே வந்தார்களே?

இந்தக் கேள்வியில் இருக்கும் நல்லெண்ணம் புரிகிறது. தாமஸ் எட்டியும் இதையேதான் நம்பினார். ஆனால் ஐந்து வருடம் குதிகால் மட்டும் ஒட்டியவர் வெளியே வந்து ஷூக் கடை போட முடியாது. கையால் முழு ஷூ தைக்கும் காலத்தில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்திருக்கலாம். மெஷின் வந்தபின், சிறையில் பழகிய ஒரு வேலைக்கு வெளியே கிராக்கி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கைதி நன்றாகத் தைக்கிறான் என்றால், அவன் விடுதலையாகிப் போவது காண்ட்ராக்ட்காரருக்கு நஷ்டம். கற்றுத்தருபவருக்கே கற்றவன் வெளியே போகக்கூடாது என்று இருக்கும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இது எப்படித்தான் நின்றது? கைதிகள் மேல் இரக்கம் வந்தா?

இரக்கம் கொஞ்சம், வியாபாரம் அதிகம். 1883-ல் நியூயார்க் வாக்காளர்களிடம் காண்ட்ராக்ட் முறை வேண்டுமா என்று கேட்டார்கள். பெரும்பான்மை வேண்டாம் என்றது. 1884-ல் புதிய காண்ட்ராக்ட்களுக்குத் தடை வந்தது. 1886-ல் சிகாகோவில் காண்ட்ராக்ட் எதிர்ப்புச் சங்கம் அமைத்தவர்கள் முதலாளிகள்தான், சிறைச் சரக்கால் அடிபட்டவர்கள். 1888-ல் நியூயார்க்கில் யேட்ஸ் சட்டம் சிறைகளில் மெஷினையே நிறுத்தியது. விளைவு, ஆயிரக்கணக்கானவர்கள் நாள் முழுக்க மூன்றரை அடி அறையில் சும்மா அடைந்து கிடந்தார்கள். வேலை கொடுமை என்றால் அந்தச் சும்மா இருப்பு அதைவிடக் கொடுமையாகிவிட்டது. அடுத்த வருடமே சட்டத்தை மாற்றினார்கள். கடைசியில் 1894-ல் மாநில சாசனத்தைத் திருத்தி, 1897 முதல் சிறையில் செய்வதை அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களும் மட்டுமே வாங்கலாம் என்றார்கள்.

பழைய முத்திரை நினைவிருக்கிறதா? 1890-களில் நியூயார்க், சிறைப் பொருள் எல்லாவற்றிலும் கைதிகள் செய்தது என்று குறிப்பு வேண்டும் என்றது. 1898-ல் ஒஹையோ சிறையில் செய்த ஒரு தரை தேய்க்கும் பிரஷ் வழக்குக்குக் காரணமாகி, அந்தச் சட்டம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஒரு மாநிலம் மட்டும் கதவடைத்தால் பக்கத்து மாநிலச் சரக்கு உள்ளே வரத்தான் செய்யும் என்பது தெரிந்தபின், போராட்டம் வாஷிங்டனுக்குப் போயிற்று. 1929-ன் ஹாஸ்-கூப்பர் சட்டம், வெளிமாநிலச் சிறைச் சரக்கைத் தடுக்க மாநிலங்களுக்கு உரிமை தந்தது, 1934-ல் அமலுக்கு வந்தது. 1935-ல் ஆஷர்ஸ்ட்-சம்னர்ஸ் சட்டம் அதை இறுக்கியது. பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாதவர்கள் தெருவில் நின்ற காலம் அது.

அப்போ இப்போது சிறையில் ஷூ செய்வதே இல்லையா?

சந்தைக்கு விற்பதுதான் நின்றது, தயாரிப்பு நிற்கவில்லை. 1924-ல் அமெரிக்க நாடாளுமன்றமே லெவன்வொர்த் மத்திய சிறையில் ஷூ ஆலைக்கு அனுமதி கொடுத்தது, சரக்கு அரசுக்கு. 1979-ல் சில நிபந்தனைகளோடு தனியார் கம்பெனிகள் மறுபடி சிறைக்குள் வர வழி திறந்தார்கள். அந்த ஊருக்கு நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. கையில் வருவதற்கு முன் பிடித்தம் நிறைய உண்டு.

நம்ம ஊர் வேலூர் ஜெயிலிலும் ஷூ செய்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

வேலூர் மத்திய சிறையில் ஷூப் பிரிவு இருப்பது சரிதான். தோல் தொழில் சூழ்ந்த ஊர் என்பதால் அது இயல்பாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே செய்வது பெரும்பாலும் காவல், சிறைத் துறைகளின் தேவைக்கு. மேலே சொன்ன வகைகளில் அது 1897-க்குப் பிந்தைய நியூயார்க்கைத்தான் ஒத்திருக்கிறது, பே ஸ்டேட் கம்பெனியின் சிங் சிங்கை அல்ல. கைதிக்கு ஊதியமும் உண்டு. அந்த ஊதியம் போதுமா என்பது வேறு விவாதம், அதை நடத்துவது நல்லதுதான்.

பழைய அமெரிக்க ஷூ ஒன்று கிடைத்தால், அது சிறையில் செய்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா?

அநேகமாக முடியாது. 1801 சட்டப்படி குத்திய ஜோடி கிடைத்தால் அதிர்ஷ்டம். காண்ட்ராக்ட் காலத்து ஷூவில் இருப்பது, ஏதாவது இருந்தால், கம்பெனியின் பெயர்தான். அதே கம்பெனிக்கு வெளியேயும் ஆலை இருந்திருந்தால் பெயரை வைத்தும் சொல்ல முடியாது. தையலை வைத்துச் சொல்கிறேன் என்பவர்களையும் நம்ப வேண்டாம். மெக்கே மெஷின் லினில் ஓடினாலும் சிங் சிங்கில் ஓடினாலும் ஒரே தையல்தான் போடும்.